பச்சைக்கு அடியில் தண்ணீர்

நாடுகாணி,
20.1.1974

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

தவமணி எழுதுகிறேன். நாங்கள் மூவரும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். உங்கள் சுகத்தையும் மல்லிகாவின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

கப்பலில் எனக்கு வாந்தி வரவில்லை. அப்பாவுக்குத்தான் வந்தது. அதை எழுதாதே என்று சொல்லியிருக்கிறார். மண்டபம் முகாமிலிருந்து ரயில், மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ். பர்லியாரில் பஸ் நின்றபோது ஒருத்தி மங்குஸ்தான் விற்றாள். அம்மா அதைப் பார்த்து, "நம்ம நாட்டுப் பழம்" என்றாள். பிறகு தன்னைத்தானே திருத்திக்கொண்டு, "அந்த நாட்டுப் பழம்" என்றாள்.

இங்கே தேயிலைச் செடிகள் என் முழங்காலுக்குக்கூட வரவில்லை. எல்லாம் புதுத் தோட்டம். பெரியவர்களுக்குக் குழி வெட்டும் வேலையும் நாற்றங்கால் வேலையும்தான். நம் லயத்து வரிசையில் பக்கத்து அறை காலியாக இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட் வரும்வரை அதை யாருக்கும் கொடுக்க வேண்டாமென்று கங்காணி பொன்னுத்துரை மாமாவிடம் அப்பா சொல்லி வைத்திருக்கிறார்.

நீ பால்மாத் தகரப் பேணியில் வைத்துக் கொடுத்த, கறிக்கு வாசத்துக்குப் போடும் ரம்பைக் கன்று வாடவே இல்லை. வேரைச் சுற்றி நீ திணித்திருந்த குளத்துப் பச்சைதான் அதைக் காப்பாற்றியது. கன்றைக் கதவோரம் நட்டோம். அந்தப் பச்சையையும் பேணித் தண்ணீரையும் எறிந்துவிடப் பார்த்தேன். அம்மா விடவில்லை. லயத்துக்குக் கீழே ஒரு குளம் இருக்கிறது. குடிக்க, குளிக்க, நாற்றுக்கு ஊற்ற எல்லாவற்றுக்கும் அதுதான். அம்மா விடியற்காலையில் என்னை அழைத்துக்கொண்டு போய்ப் பேணியை அதில் கவிழ்த்தாள். "தண்ணி தண்ணியோட சேந்துட்டா, ஆளும் ஊரோட சேந்துரும். ஒங்களுக்குக் காய்ச்ச வராது" என்றாள். ஏழெட்டு இலைகள் மிதந்து போயின. பார்க்க அழகாக இருந்தது.

மல்லிகாவிடம் சித்தி கேட்டதாகச் சொல்லவும். உடனே பதில் போடவும்.

உன் அன்புத் தங்கை,
தவமணி

*

முருகன் துணை

கல்கந்தைத் தோட்டம், மாத்தளை,
17.2.74

அன்புத் தங்கச்சிக்கு அக்கா சின்னம்மை எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்து மூவரும் சந்தோசப்பட்டோம். அப்பாவின் வாந்தியை வாசித்து மச்சான் சிரித்த சிரிப்பு அடுத்த காம்பராவுக்குக் கேட்டிருக்கும்.

நாங்கள் சுகம். தோட்டத்தில் வேலை கொஞ்சம் குறைவு. கூப்பனுக்கு மாவும் குறைவு. மரவள்ளி நிறையக் கிடைக்கிறது. மரவள்ளி உடம்புக்கு நல்லது என்று மச்சான் ஒவ்வொரு வேளையும் சொல்கிறார். மல்லிகா உன்னைத் தேடிப் பழைய காம்பராக் கதவைத் தட்டுகிறாள். இப்போது அங்கே யாரும் இல்லை.

அன்றைக்கு அவசரத்தில் வேரைச் சுற்ற ஈரமாக வேறொன்றும் அகப்படவில்லை. நம் குளத்தோரம் புதிதாக வந்திருந்த அந்தப் பச்சையைத்தான் ஒரு கை அள்ளினேன். அம்மா செய்தது நல்ல காரியம். நம் தண்ணீரும் அங்கே ஒரு இடத்தில் இருக்கட்டும். இதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உரக்க வாசித்துக் காட்டு. நன்றாகப் படி.

அக்கா

*

நாடுகாணி,
24.3.1974

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. தான் ஊற்றிய தண்ணீர்தான் காரணம் என்று அம்மா நம்புகிறாள்.

அக்கா, உன் பச்சை பிழைத்துக்கொண்டது. பிழைத்தது மட்டுமில்லை, ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. நான் கரையில் குச்சி நட்டு அடையாளம் வைத்துப் பார்க்கிறேன். ஒரு குச்சியைத் தாண்டிய சில நாட்களில் அடுத்த குச்சியையும் தாண்டிவிடுகிறது. இலைகள் ஜோடி ஜோடியாக நடுவில் மடிந்திருக்கின்றன. மேலே பூனை முடி போல ரோமம். தண்ணீர் ஊற்றினால் ஒட்டாமல் மணிமணியாக உருண்டு ஓடுகிறது. பூக்கவில்லை, காய்க்கவில்லை. ஒரு துண்டு உடைந்தால் அந்தத் துண்டே ஒரு செடி. எங்கள் லோயிஸ் டீச்சர் நான் வரைந்த படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள்.

குளத்தில் மூங்கில் கூடை போட்டு மீன் பிடிக்க மாதி என்ற பணியர் பழங்குடிப் பெண் வருவாள். நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே அவர்களுக்கு இந்தக் குளத்து மீன்தான் குழம்பு. அவள் அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, "மீன் தலைக்கு மேல யாரு பாய் விரிச்சது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

பாஸ்போர்ட் விஷயம் என்ன ஆயிற்று? மல்லிகாவுக்கு இப்போது எத்தனை சொல் வருகிறது?

அன்புடன்,
தவமணி

*

நாடுகாணி,
12.5.1974

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை.

அக்கா, குளத்தில் பாதி இல்லை. தண்ணீர் வற்றிவிட்டது என்று நினைக்காதே. தண்ணீர் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. போன வாரம் காலையில் குடத்தோடு போனேன். பச்சை மூடாமல் மிச்சமிருந்த ஓரத்தில் மீன்கள் எல்லாம் ஒன்றுகூடி, வாயை மேலே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மழைக்குக் கூப்பிடுகின்றன என்று நினைத்தேன். மறுநாள் அவை வெள்ளை வயிற்றோடு மிதந்தன. மூச்சுக்குத்தான் அப்படி வாய் திறந்திருக்கின்றன. நான் நின்று வேடிக்கை பார்த்தேன்.

குடத்துத் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருக்கிறது, நாற்றம் வேறு. மீன்கொத்தி ஒன்று மேலிருந்து பாய்ந்து பச்சையில் முட்டித் தடுமாறி எழுந்து போனது. மாதி வெறுங்கூடையைக் கரையில் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் பேசப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மலையாளக்காரரான டீக்கடை ஹம்ஸா காக்கா வந்து பார்த்ததும் தலையில் கை வைத்தார். "இது ஆப்பிரிக்கன் பாயலாக்கும். எங்க நாட்டுல தோணி போக வழியில்ல இதால. இங்க எப்படி ஏறி வந்துது மலை?" என்றார்.

அன்று மாலை பொன்னுத்துரை மாமா எல்லோரையும் கூட்டினார். "குடிக்கிற தண்ணில வெளயாடுனது யாரு? யாரா இருந்தாலும் சரி, தெரிஞ்சிச்சின்னா லயத்த விட்டு வெளிய" என்றார். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். கூட்டம் முடிந்த பிறகு பார்த்தால் என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்திருந்தது. அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. லயத்தை விட்டு அனுப்பினால் நாங்கள் எங்கே போவோம், அக்கா? நீங்கள் வந்தால்தான் எங்கே வருவீர்கள்?

உடனே எழுது. மல்லிகாவைப் பற்றியும் எழுது.

தவமணி

*

முருகன் துணை

வவுனியாவுக்கு அப்பால்,
2.6.74

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதங்கள் இரண்டும் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து சுற்றி என்னிடம் சேர்ந்தன. நாங்கள் ஏப்ரல் மாதம் இடம் மாறிவிட்டோம். தோட்டத்தில் பட்டினி கிடப்பதைவிட இங்கே காடு வெட்டிப் பயிர் செய்யலாம் என்று நிறையப் பேர் வந்தார்கள். நாங்களும் வந்தோம். நாங்கள் இருவரும் சுகம்.

இங்கே ஒரு குளக்கரையில் குடிசை. குளம் என்றுதான் பெயர், ஆனால் மறுகரை தெரியாது. வந்த அன்று நான் கடல் என்று நினைத்தேன். அந்தக் கடல் முழுக்க அதே பச்சை, தங்கச்சி. நான் அள்ளிக் கொடுத்த அதே இலை. இங்கே இதற்கு சல்வீனியா என்று பெயர். மீன்காரர்களின் வள்ளங்கள் ஓட வழியில்லாமல் கரையில் காய்ந்து வெடித்துக் கிடக்கின்றன. தோட்டத்தில் இருந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது.

நான் சொல்வதைக் கவனமாகக் கேள். மாடு, ஆடு, பிள்ளைகள் யாரையும் அந்தக் குளத்துக்கு அருகில் விடாதீர்கள். சுற்றிலும் வேலி கட்டுங்கள். இன்றைக்கே கட்டச் சொல். அந்தப் பச்சையை வாரி எடுத்து மேட்டில் போட்டுக் காயவைத்துக் கொளுத்துங்கள். ஓடுகிற தண்ணீரில் ஒரு துண்டுகூட விழக் கூடாது.

வேறு விசேசம் இல்லை.

அக்கா

*

நாடுகாணி,
9.6.1974

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். இன்று நல்ல செய்தி.

இன்று ஞாயிற்றுக்கிழமை. லயம் முழுக்கக் குளத்தில் இறங்கிவிட்டது. சேலையை விரித்து வலை போலப் பிடித்து இழுத்தார்கள். மேலே மெல்லியதாகத் தெரிந்தது, தூக்கினால் ஈரமெத்தை போலக் கனம். அம்மாதான் முதலில் இறங்கினாள், கடைசியில் ஏறினாள். "வடிவேலு பொஞ்சாதிக்கு என்னா இம்புட்டு வேகம்?" என்று யாரோ கேட்டார்கள். அப்பா, "ஊட்டுல வேல செய்யாதவ வெளிய செய்வா" என்று சொல்லிச் சமாளித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று தெரியுமா அவள் சிரித்து?

வாரியதை எல்லாம் கூடையில் சுமந்து கீழே ஓடைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டோம். நானும் பத்துக் கூடை தள்ளினேன். மழை வந்ததும் ஓடை அதை நிலம்பூர்ப் பக்கம் கொண்டுபோய்விடும் என்றார் பொன்னுத்துரை மாமா. திரும்பி வரும்போது குளத்தில் மேகம் தெரிந்தது. யார் கொண்டுவந்தது என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

மல்லிகா எப்படி இருக்கிறாள்?

மகிழ்ச்சியுடன்,
தவமணி

*

நாடுகாணி,
22.6.1974

அக்கா,

உன் ஜூன் இரண்டாம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வழக்கம்போல உரக்க வாசித்தேன். "ஓடுகிற தண்ணீரில்" என்ற இடம் வந்ததும் அதை மறுபடி ஒருமுறை வாசித்தேன். அப்பா எழுந்து கம்பளியைக்கூடப் போர்த்தாமல் பாலத்துக்கு ஓடினார். நானும் ஓடினேன். பருவமழை தொடங்கிவிட்டது. பாலத்துக்கு அடியில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. பச்சையாக ஒரு துண்டுகூட அங்கே இல்லை. எல்லாம் போய்விட்டது. எங்கள் கையால் தள்ளினோம் அக்கா, சிரித்துக்கொண்டே தள்ளினோம்.

இன்னொன்று. நீ "நாங்கள் இருவரும் சுகம்" என்று எழுதியிருக்கிறாய். அம்மாவும் அப்பாவும் தண்ணீரைப் பற்றிய கலக்கத்தில் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நீ, மச்சான், மல்லிகா என்றால் மூன்று பேர். மல்லிகாவை யாரிடமாவது விட்டுவிட்டு வந்திருக்கிறீர்களா? நான் கேட்ட கேள்வியை நீ இத்தனை நாள் தாண்டித் தாண்டிப் போகிறாய்.

இதற்குப் பதிலை என் பள்ளிக்கூட விலாசத்துக்கு, லோயிஸ் டீச்சர் மேற்பார்வை என்று போட்டு எழுது. வீட்டுக்கு வந்தால் நான் உரக்க வாசிக்க வேண்டியிருக்கும்.

தவமணி

*

நாடுகாணி,
25.8.1974

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாகத் தபாலில் உன் கையெழுத்தைத் தேடுகிறேன். இங்கு அம்மாவுக்குக் கொஞ்சம் இருமல். மற்றபடி சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

குளம் மறுபடியும் மூடிக்கொண்டது. நாணலுக்கு இடையில் தங்கிய துண்டுகள் போதுமாக இருந்திருக்கின்றன. ஆனால் நான் எழுத வந்தது அதை அல்ல.

போன ஞாயிறு கீழே வழிக்கடவிலிருந்து ஹம்ஸா காக்காவின் தம்பி மொய்து மேலே வந்தார். கூட இன்னும் நான்கு பேர். சாக்கு ஒன்றைக் கொட்டினார்கள். நம் பச்சை. அதோடு கறுத்து அழுகிய நெல் நாற்று. ஓடை உடைத்துக்கொண்டு வயலில் ஏறியபோது இதையும் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறது. தண்ணீர் வடிந்தபோது நாற்றின்மேல் அப்படியே படிந்துவிட்டதாம். அவர்கள் வயல், கிணற்று வாய், பக்கத்துக் குளம் எல்லாம் ஒரே பச்சை. அந்த நாற்றைக் கையில் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று பிரிந்து வந்தது.

தோட்டத்து சூப்பர்வைசர் வேலுமணி அங்கே நின்றிருந்தார். காரமடைக்காரர். "ஏனுங்க, வந்தவங்களும் இப்படி, வந்ததும் இப்படிங்களா? ஒரு கைப்பிடி எறங்குனா ஊரையே மூடிப்போடுது" என்றார்.

பொன்னுத்துரை மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாயப் பாத்துக் கதைங்க ஐயா. நாங்க வெட்டுன குழியிலதான் ஒங்க தோட்டம் நிக்குது. எங்காளு கொண்டாந்ததுக்கு என்னா சாட்சி?"

அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அப்பா முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் நிற்கவில்லை.

"சண்ட வேணாம். ஊத்துனது நாந்தான்" என்றாள். "ரம்பக் கன்னோட வந்த தண்ணி. புள்ளைங்களுக்கு இந்தூருத் தண்ணி ஒத்துக்கணுமின்னு ஊத்துனேன்."

நம் ஆட்களில் வயதான பெண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர்களும் வந்த அன்று ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து அதே குளத்தில் ஊற்றியிருக்கிறார்கள். அவர்கள் தண்ணீரில் இலை இல்லை, அவ்வளவுதான்.

மொய்து அம்மாவின் பக்கம் திரும்பினார். "சேச்சி, மறைக்காம சொன்னீங்க. அது நல்லது. பக்ஷே என்ற நெல்லு செத்துப்போச்சு. அதுக்கு எந்தா வழி?" என்று கேட்டார்.

கூட்டத்திலிருந்து யாரோ, "லயத்த விட்டு அனுப்பணுமின்னு சொன்னீங்களே கங்காணி?" என்றார்கள்.

"எங்க அனுப்பறது?" என்றார் பொன்னுத்துரை மாமா. "மறுபடி கடலுக்கா?"

கடைசியில், ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஒருவர் கீழே போய் வயலைச் சுத்தம் செய்து கொடுப்பது என்று முடிவாயிற்று. ஞாயிறுவரை காத்திருக்காமல் நேற்றைக்கே அம்மா போய்விட்டு வந்தாள். கையெல்லாம் தடித்திருக்கிறது. "ஏழெட்டு எல. ஏழெட்டு எலதானே" என்று தூக்கத்தில் சொன்னாள்.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

தவமணி

*

முருகன் துணை

15.9.74

தவமணிக்கு,

பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதச் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். தனியாக இருந்து வாசி.

நாங்கள் இங்கே வந்த மூன்றாம் நாள். மச்சான் கம்பு வெட்டப் போயிருந்தார். நான் கல் கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். மல்லிகா பக்கத்தில்தான் விளையாடினாள். குளம் பச்சையாக, சமமாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஒரு கொக்கு அதன்மேல் நடந்து போனது. மல்லிகா கொக்கைப் பிடிக்க ஓடினாள்.

அவள் தோட்டத்தில் பிறந்த பிள்ளை. பச்சை என்றால் அதற்குக் கீழே தரை இருக்கும் என்றுதானே அவளுக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்த்தபோது பச்சை மறுபடியும் மூடிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் போனாள் என்று காட்ட ஒரு அடையாளம்கூட இல்லை. மீன்காரர்கள் வந்து கத்தியால் அறுத்து அறுத்துத் தேடினார்கள்.

அம்மாவின் காரியத்தை எழுதியிருந்தாய். அதை வாசித்த பிறகு இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நான் அள்ளியது, அம்மா ஊற்றியது என்று அவள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாள். இந்தக் குளத்துப் பச்சை வேறு, அந்தக் குளத்துப் பச்சை வேறு என்று சொன்னால் அவளுக்கு விளங்காது. எனக்கே விளங்கவில்லை.

அவளிடம் சொல்லாதே. நாங்கள் அங்கே வரவில்லை. பாஸ்போர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள், மச்சான் போகவில்லை. இந்தக் கரையை விட்டுவிட்டு வர எங்களால் முடியாது. பக்கத்து அறையை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

உன் படிப்பை விடாதே.

அக்கா

*

நாடுகாணி,
13.10.1974

அன்புள்ள அக்கா,

அப்பா சுகம். அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று வாசித்தேன். பிறகு வகுப்புக்குப் போனேன். சுவரில் நான் வரைந்த படம் இன்னும் ஒட்டியிருந்தது. கிழித்துவிட்டேன். லோயிஸ் டீச்சர் ஏன் என்று கேட்டார்கள். இலை தப்பாக வரைந்திருக்கிறேன் என்றேன். டீச்சரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

குளத்தைச் சுற்றி மூங்கில் வேலி கட்டியாயிற்று. நீ ஜூனில் எழுதியும் யாரும் கட்டவில்லை. இப்போது நான் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காரணம் கேட்காமல் கட்டினார். அவர் ஏன் கேட்கவில்லை என்று யோசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. வாரியதை இப்போது மேட்டில்தான் போடுகிறார்கள். கொளுத்தினால் எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கிறது. மாதிகூட வந்து ஒரு கை வாருகிறாள், எங்களோடு பேசாமல்.

அம்மா தினமும், "அக்கா கடுதாசி வரலியா?" என்று கேட்டாள். கடிதம் வராவிட்டால் சந்தேகம் வரும். அதனால் ஒரு கடிதம் நானே எழுதினேன் அக்கா. நீ எழுதுவது போலவே, "முருகன் துணை" போட்டு. உன் பழைய உறை ஒன்றில் வைத்து எடுத்து வந்து வாசித்தேன். பயிர் நன்றாக வருகிறது என்று வாசித்தேன். இந்த வருடம் வர முடியாது என்று வாசித்தேன். மல்லிகா வாய் ஓயாமல் பேசுகிறாள், அப்பன் தோளை விட்டு இறங்குவதில்லை, மீன் என்றால் உயிர் என்று வாசித்தேன். எனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது. அம்மா அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். முதலில் சொன்னது போலவே சொல்ல வேண்டுமே என்று தாளைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன்.

இந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு பார்சல் வரும். அதைத் திறக்கும் முன் நீ இதை வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் கடிதத்தை ஒரு வாரம் முந்தி அனுப்புகிறேன். பார்சலை நிறுத்த எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. உள்ளே மஞ்சள் பூப்போட்ட ஒரு கவுன் இருக்கும். எதிர் லயத்துப் பிள்ளையை நிறுத்தி வைத்து அளவெடுத்து, தடித்த விரலால் அம்மாவே தைத்தது. கீழ் ஓரத்தில் துணியை நிறைய உள்ளே மடித்துத் தைத்திருக்கிறாள். அடுத்த வருடம் பிரித்து இறக்கிவிடச் சொல்லி எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் தங்கை,
தவமணி